மாதிரி எடுக்கும் முன் நீரோட்டத்தின் திசையைப் பாருங்கள்

கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் வந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று முடிவு வந்துவிட்டால் நிம்மதியாகிவிடுகிறோம். அந்தக் கிணறு, சந்தேகப்படும் இடத்துக்கு நிலத்தடி நீரோட்டத்தில் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்பக்கம் இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மேல்பக்கக் கிணற்றில் பத்து முறை மாதிரி எடுத்தாலும் நல்ல தண்ணீர் என்றுதான் முடிவு வரும். கழிவு போய்க்கொண்டிருப்பதோ கீழ்பக்கத்தில்.

ஆகவே முதலில் திசை, பிறகுதான் மாதிரி. இந்த முதற்கட்டச் சோதனையைக் கிராமத்திலேயே, விவசாயிகளும் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும் சேர்ந்து செய்ய முடியும், செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து.

புதிய விதிகள் வந்துவிட்டன

மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாசடைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். தகவல் கிடைத்த 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு முடிய வேண்டும். அதன் பிறகு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசுக்குக் காரணமானவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும்.

நாடு முழுவதும் மாசடைந்தவை என்று அப்போது அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தது ஏழில் மட்டும். பட்டியலில் ஏறிய இடங்களின் கதையே இதுவென்றால், ஏறாத இடங்களை யார் கவனிப்பார்கள்? அந்தப் பட்டியலுக்கு முதல் தகவல் ஊரிலிருந்துதான் போக வேண்டும். 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்ற வாய்ப்புகாராக இல்லாமல், அளவுகளோடு போனால் அதைத் தள்ளி வைப்பது எளிதல்ல.

தாமதத்தின் விலை

வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் உள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கும் உள்ளது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை எண்ணி எடுத்த கணக்குதான் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றது. ஆனால் அது கெட்ட பிறகு எடுத்த கணக்கு.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும்வரை போனது விஷயம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. ஆலை மூடினாலும் கழிவு நகர்வது நிற்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து கீழே இறங்கியது.

மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது?

மேலே தேங்கும் கழிவு மழைநீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரைத் தொடுகிறது. பிறகு அந்த நீர் போகும் பக்கமே போகிறது. எவ்வளவு வேகத்தில்? ஒரு மணல் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் நீர் கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டத்தின் சரிவு கிலோமீட்டருக்கு 5 மீட்டர், மணலின் துளைவெளி கால் பங்கு என்று வைத்தால், 10-ஐ 0.005-ஆல் பெருக்கி 0.25-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு 0.2 மீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர். 300 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்குக் கழிவு வந்து சேர நான்கு ஆண்டுக்குச் சற்று மேலாகும். இன்று அந்தக் கிணறு சுத்தமாக இருப்பது நாளைக்கான உத்தரவாதம் அல்ல.

களிமண்ணில் இதே தூரத்துக்குப் பல தலைமுறை ஆகலாம். கடினப்பாறையின் வெடிப்பு வழியே சில நாட்களிலேயே வந்தும் சேரலாம். சிவகங்கை மாவட்டத்தில் மேற்கே கடினப்பாறை, கிழக்கே படிவப்பாறை. எங்கள் அமராவதிபுதூர், காரைக்குடி பக்கம் மேலே செம்மண்ணும் செம்பாறாங்கல்லும், அடியில் மணற்பாறையும் உண்டு. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் ருசிக்கு அந்த மணற்பாறைதான் காரணம். நல்ல தண்ணீரைத் தாராளமாகக் கடத்தும் அடுக்கு, கெட்ட தண்ணீரையும் தாராளமாகவே கடத்தும். இங்கே மாசு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நகரம் மாநகராட்சியாக விரியும் இந்த நேரத்தில் அளந்து வைப்பது நல்லது என்கிறேன்.

எல்லாக் கழிவும் ஒரே வேகத்தில் போகாது. உப்பில் உள்ள குளோரைடும், உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட்டும் தண்ணீரோடு தண்ணீராக நகரும். ஈயம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். ஆகவே உப்பு கூடுவது பின்னால் வருவதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

மூன்று கிணறு, ஒரு டேப்

சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். திறந்தவெளிக் கிணறு என்றால் மூன்றும் அப்படியே இருக்கட்டும். 600 அடி ஆழ்துளைக் கிணற்றை இதோடு கலக்கக் கூடாது, அது வேறு அடுக்கின் தண்ணீர். முதல் நாள் மாலையே மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் அளக்க வேண்டும். பக்கத்துக் கிணற்று மோட்டாரும் ஓடக் கூடாது.

கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை டேப்பால் அளக்கலாம். மேல்விளிம்புகளின் உயரத்தை ஒரே அடிப்படையில் கணக்கிட டம்பி லெவல் கருவி வேண்டும். மட்டம் எடுப்பது வேளாண் பொறியியல் துறையினருக்குப் பழகிய வேலை, அவர்களிடம் கேளுங்கள்.

ஓர் உதாரணம். முதல் கிணற்றின் விளிம்பு உயரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 8 மீட்டர் ஆழத்தில் இருந்தால் நீர்மட்டம் 92. இரண்டாவதன் விளிம்பு 99.2, ஆழம் 8.4, நீர்மட்டம் 90.8. மூன்றாவதன் விளிம்பு 100.6, ஆழம் 9, நீர்மட்டம் 91.6. தண்ணீர் மிக ஆழத்தில் இருப்பது மூன்றாவது கிணற்றில். ஆனால் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருப்பது இரண்டாவதில். ஆழத்தை மட்டும் பார்த்தால் திசையைத் தவறாகச் சொல்லிவிடுவோம்.

இனி தாளில் மூன்று கிணறுகளையும் அளவுப்படி குறியுங்கள். முதல் கிணற்றிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நீர்மட்டம் 91.6 இருக்கும். அந்தப் புள்ளியை மூன்றாவது கிணற்றோடு கோடு போட்டுச் சேருங்கள். அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி. நிலத்தடி நீர் போகும் திசை அதுதான். சந்தேகப்படும் இடத்திலிருந்து அந்த அம்பின் பாதையில் உள்ள கிணறுகள் எவை, குடிநீர்க் குழாய் எது, கண்மாய், ஊரணி எவை என்று குறியுங்கள். மாதிரி எடுக்க வேண்டியது அங்கே. ஒப்பிடுவதற்கு மேல்பக்கக் கிணற்றிலும் ஒன்று.

கடினப்பாறைப் பகுதியில் வெடிப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும் என்பதால் இந்த அம்பை உத்தேசமாகவே கொள்ள வேண்டும். கண்மாய் நிறைந்தால் திசை மாறவும் கூடும். ஆகவே சித்திரையில் ஒருமுறை, மழை ஓய்ந்து தையில் ஒருமுறை அளப்பது முறை.

மின்கடத்தும் திறன் சொல்வதும் சொல்லாததும்

தண்ணீரின் மின்கடத்தும் திறனைக் காட்டும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கரைந்துள்ள உப்பின் அளவை அது காட்டும். பாசன நீருக்கு 0.75 டெசிசீமன்ஸ் வரை பெரிதாகக் கவலையில்லை, 2.25-ஐத் தாண்டினால் கடுமையான உவர். ஆனால் முதற்கட்டச் சோதனையில் இந்த எல்லையைவிட வித்தியாசமே முக்கியம். மேல்பக்கக் கிணற்றில் 0.8, கீழ்பக்கத்தில் 1.6 என்றால் இரண்டும் 2.25-க்குள்தான். இருந்தும் இரட்டிப்பாகியிருக்கிறது. அது கேள்வி கேட்க வேண்டிய இடம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பூச்சிமருந்து, எண்ணெய், ஈயம் போன்றவை மிகச் சிறு அளவிலேயே தீங்கு செய்யும், ஆனால் கருவியில் உப்புக் கணக்கு கூடாது. குடிநீரில் குரோமியத்துக்கான எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். அதைக் கைக்கருவி காட்டாது. பழைய பேட்டரி உருக்கிய இடம், பூச்சிமருந்துக் கிடங்கு, பெட்ரோல் தொட்டி இருந்த இடம் என்றால், கருவி என்ன சொன்னாலும் கீழ்பக்கக் கிணற்று நீர் ஆய்வகத்துக்குப் போகட்டும். என்ன பொருளைத் தேட வேண்டும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் இவற்றைப் பார்ப்பதில்லை.

நிலத்தின் விலை போய்விடாதா?

'இதெல்லாம் வெளியே தெரிந்தால் நிலத்தை யார் வாங்குவார்கள்?' என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் மறைத்து வைப்பதால் கழிவு நிற்பதில்லை. அது அடுத்த கிணற்றுக்குப் போகிறது. ஐந்து ஆண்டு கழித்து விளைச்சல் விழும்போது, எங்கிருந்து வந்தது என்று காட்ட நம்மிடம் ஓர் எண்கூட இருக்காது. இன்று எழுதி வைக்கும் அளவுதான் நாளை இழப்பீட்டுக்கான ஆதாரம்.

'விவசாயி எடுத்த அளவு சட்டப்படி செல்லாது' என்று அலுவலர்கள் சொல்வதும் உண்டு. உண்மைதான், இது தீர்ப்பு அல்ல. எங்கே தோண்ட வேண்டும், எந்தக் கிணற்றை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. 90 நாள் கெடுவில் வேலை செய்யும் அதிகாரிக்கு அதுவே பெரிய உதவி. இந்த அளவுகளால் யார் மீதும் குற்றம் சாட்டவும் வேண்டாம். எந்த நிறுவனத்தின் கழிவு என்பதை விரிவான ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

வேளாண் துறைக்கு ஒரு வேண்டுகோள். மண் மாதிரி எடுக்கப் போகும் உதவி வேளாண் அலுவலரின் பையில் ஒரு டேப்பும் மின்கடத்தும் திறன் கருவியும் இருக்கட்டும். மாவட்ட நிர்வாகம் தயாரிக்கும் பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் நேராக 'கீழ்பக்கக் கிணறுகள்' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும்.

விவசாயிகளுக்கும் ஒன்று. மூன்று கிணற்று அளவு, தேதி, அம்புக்குறி போட்ட வரைபடம், மின்கடத்தும் திறன் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரும் தையில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது முதல் அளவை எடுத்துவிடலாம். சித்திரையில் இரண்டாவது.