மலைக்கும் ஒரு கவுனி வேண்டும்

நமது யானைக்கவுனியின் பெயரிலேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. கவுனி என்பது கோட்டை வாயில். பழைய பட்டணத்தைச் சூழ்ந்திருந்த மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாயிலின் பெயர் மாத்திரம் நிலைத்திருக்கிறது. உள்ளேயுள்ளதைக் காக்க வேண்டுமானால், வருவோரைக் கணக்கிட்டு விடுவதற்கு ஒரு வாயில் இருத்தல் அவசியம். இந்த நியாயத்தை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அநுசரிப்பது தகுமா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

கோடைக்காலத்தில் நீலகிரி ஜில்லாவிற்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் பிரவேசிப்பதாக 2024-ம் வருஷம் சென்னை ஹைக்கோர்ட்டின் முன் கணக்கு வைக்கப்பட்டது. அவற்றுள் மோட்டார் கார்கள் 11,500, பஸ்கள் 600. அவ்வருஷம் மே 7-ந் தேதி முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் முறையை ஏற்படுத்தும்படி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். கேட்டவர்க்கெல்லாம் பாஸ் கிடைத்தபடியால், அது வண்டிகளை எண்ணியதேயன்றிக் குறைக்கவில்லை. ஆகவே 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது.

இவ்வரம்பு எதற்காக? மலையுச்சியிலுள்ள புல்வெளிகளும் சோலைகளும் பருவமழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. அவ்வோடைகள் பவானியிலும் மாயாற்றிலும் சேர்ந்து, பவானிசாகர் அணையை அடைந்து, ஈரோடு பிரதேசத்து வயல்களை நனைக்கின்றன. வண்டிகள் பெருகினால் பாதையை அகலப்படுத்த மலைச்சரிவு வெட்டப்படுகிறது. வண்டி நிறுத்தவும் விடுதி கட்டவும் சதுப்பு நிலம் தூர்க்கப்படுகிறது. எறிந்த குப்பை ஓடையை அடைக்கிறது. யானைகள் நீருக்கு இறங்கும் வழி துண்டுபடுகிறது. மலையிலே விளையும் கேட்டின் பலனை, உதகையைக் கண்ணாலும் கண்டிராத குடியானவன் கீழேயிருந்து அநுபவிக்கிறான்.

நடமாடும் உரிமை பறிபோயிற்றென்று சிலர் ஆக்ஷேபிக்கிறார்கள். அரசியல் சாஸனத்தின் 19-வது ஷரத்து அவ்வுரிமையை அளிப்பது வாஸ்தவமே. பொதுஜன நன்மையை முன்னிட்டு அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாமென்று அந்த ஷரத்தே கூறுகிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட 48-ஏ ஷரத்தோ காட்டையும் வன ஜீவன்களையும் காக்கச் சர்க்கார் முயலவேண்டுமென விதிக்கிறது. மேலும், அவ்வுரிமை பெற்றவன் பிரஜை. அவனுடைய மோட்டாருக்கு அத்தகைய உரிமை எதுவுமில்லை.

மலைவாழ் வியாபாரிகளின் கவலை வேறு வகையானது. 2025 ஏப்ரலில் நீலகிரியில் அவர்கள் கடையடைப்புச் செய்தார்கள். மூன்று மாத வரும்படியைக் கொண்டு வருஷம் முழுவதும் ஜீவிப்பவர்களின் முறையீட்டை அலட்சியம் செய்தல் தர்மமாகாது. ஆயினும் அவர்களிடம் தேயிலையும் வர்க்கியும் வாங்குகிறவர்கள் மனிதர்களேயன்றிக் கார்களல்ல. கார் ஒன்றுக்கு நால்வரென்று கொண்டால், 11,500 கார்களில் வருவோர் 46,000 பேர். பஸ் ஒன்றில் 50 பேர் வீதம் ஏற்றினால், அத்தனை பேரையும் கொண்டுசேர்க்க 920 பஸ்கள் போதும். வியாபாரமும் குன்றாது, ஓடையும் பிழைக்கும்.

சர்க்காரிடம் நாம் காணும் குறை இங்கேதான். கார்களுக்கு வரம்பு வந்தது. அதற்கு ஈடாக அடிவாரத்திலிருந்து பஸ்கள் ஏராளமாக ஓடினால்தான் அது பூரணமாகும். 1908-ல் உதகை வரையில் எட்டிய மலை ரயில் இன்றும் ஓடுகிறது; ஆனால் அதில் இடம் சொற்பம். மேட்டுப்பாளையத்திலும் கூடலூர்ப் பாதையிலும் வத்தலக்குண்டிலும் கார்களை நிறுத்தவைத்து, அங்கிருந்து குறைந்த கட்டணத்தில் அடிக்கடி பஸ் விடாவிட்டால், பாஸ் என்பது கார் வைத்திருப்பவர்களுக்குள்ளே முந்திக்கொண்டவனுக்குக் கிடைக்கும் சலுகையாக முடியும்.

துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளின் புகையில் காலந்தள்ளும் ராயபுரம், திருவொற்றியூர் வாசிகளுக்கு வண்டிப் பெருக்கத்தின் கேட்டை நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அவர்களில் மலைக்குப் போகிறவர்களிலும் பலர் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களே. அடுத்த கோடைக்கு முன் அவர்களுக்குப் போதிய பஸ்களை ஏற்பாடு செய்துவிட்டு, கார்களின் வரம்பைச் சர்க்கார் உறுதியாக நிறைவேற்றவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.