ஒற்றைக் கோடு வந்தால் போதுமா?



காலையில் தொண்டை கரகரக்கிறது. மதியம் லேசாக உடம்பு வலி. சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் கோவிட் கிட் வாங்கி வந்து மூக்கில் குச்சியை விட்டுப் பார்க்கிறோம். 15 நிமிஷத்தில் ஒரே ஒரு கோடு. ‘அப்பாடா, நெகட்டிவ்’ என்று மறுநாளே கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்!

டெஸ்ட் முடிவு சீக்கிரம் வருவது உண்மைதான். அதற்காகத் தொற்றும் அன்றைக்கே தெரிந்துவிடுமா?

கிட்டில் சளி கலந்த திரவத்தைச் சொட்டு விட்டதும் அது உள்ளே இருக்கும் பட்டையில் ஊறி நகர்கிறது. அதில் வைரஸின் புரதம் இருந்தால், பட்டையில் உள்ள ஆன்டிபாடிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். ‘டி’ எழுத்துக்கு நேரே கோடு விழும். மங்கலாக விழுந்தாலும் அது பாசிட்டிவ்தான். (‘சி’ கோடு வரவில்லையென்றால் டெஸ்டே செல்லாது. கிட்டில் சொன்ன நேரம் தாண்டிப் பார்ப்பதும் வீண்.) ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கோடு விழ, புரதம் நிறைய வேண்டும். ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் துளியூண்டு வைரஸ் இருந்தாலும் அதன் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் முதல் நாள் நெகட்டிவ் வந்தவருக்கு, வைரஸ் பெருகிய பிறகு மூன்றாம் நாள் பாசிட்டிவ் வருகிறது.

பல ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில், தொற்று உள்ள 100 பேரில் சுமார் 80 பேரை இந்த கிட் டெஸ்ட் கண்டுபிடிக்கிறது. அறிகுறி இல்லாதவர்கள் என்றால் 55 பேரைத்தான். விட்டுப்போன மற்றவர்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி இருப்பார்கள் இல்லையா?

2021 மே மாதம் வீட்டுச் சோதனைக்கு ஒப்புதல் தந்தபோதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தெளிவாகச் சொன்னது: பாசிட்டிவ் என்றால் மறுசோதனை வேண்டாம், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் என்றால் உடனே ஆர்.டி.-பி.சி.ஆர். எடுக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2022 ஆகஸ்டில் இன்னொரு வழி சொன்னது. நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அறிகுறியே இல்லாதவர்கள் அதே இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும்.

இன்னொரு கிட் வாங்குவது செலவுதான், மறுக்கவில்லை. வாங்க முடியாவிட்டாலும் மாஸ்க் போட்டுக்கொள்ளலாம், தனி அறையில் படுக்கலாம், விசேஷ வீட்டுக்கு போனில் வாழ்த்துச் சொல்லலாம். இதற்கெல்லாம் பெரிதாகக் காசு வேண்டாமே!

வீட்டில் கர்ப்பிணியோ, சர்க்கரை நோயாளியோ, வயதானவரோ இருந்தால் முதல் நாள் நெகட்டிவை நம்பி அவர்கள் பக்கத்தில் போகாதீர்கள். மூச்சுத் திணறல் இருந்தால் கோட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்