19 அடி தள்ளி ஒரு வேலி



தீபாவளி மலர் வேலை சூடுபிடித்திருக்கிறது. அலுவலகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'டெட்லைன்' பேச்சுதான். "ரெண்டே நாள் சார், முடிச்சுடறேன்" என்று எழுத்தாளர்கள் போனில் இழுக்க, எங்கள் உதவி ஆசிரியரும் மனம் இளகி விடுகிறார்.

இந்தச் சொல் புழங்கத் தொடங்கிய இடத்தில் யார் மனமும் இளகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் தெற்குப் படையினர் ஒரு சிறை முகாம் திறந்தார்கள். அடைபட்டவர்கள் வடக்குப் படையினர். சுற்றிலும் வரிசையாக நட்ட மரத்தடிகளே மதில். மதிலுக்கு ஏறக்குறைய 19 அடி உள்ளே, கம்பு நட்டுக் குறுக்குச் சட்டம் அடித்த ஒரு வேலி; ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். அதற்குத்தான் 'டெட் லைன்' என்று பெயர். அதைத் தாண்டியவனை, ஏன், கை நீட்டியவனையே, மதில்மேல் காவல் கூண்டில் இருப்பவன் சுடலாம். முகாமுக்குள் ஓடிய ஓடை நாறிப்போயிருந்தது. கொஞ்சம் தெளிந்த தண்ணீருக்காக வேலிக்கு அந்தப் பக்கம் எட்டியவர்கள்மீதும் குண்டு பாய்ந்தது.

அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல, நோயும் பட்டினியும். இறந்தவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் வேலை டோரன்ஸ் ஆட்வாட்டர் என்ற இளம் கைதிக்கு. அவர் யாருக்கும் தெரியாமல் இன்னொரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார். அதை 1866-இல் நியூயார்க் ட்ரிப்யூன் வெளியிட்டது. மகன் என்ன ஆனான் என்று தெரியாமல் தவித்த பல வீடுகளுக்கு அதன்பிறகே விவரம் கிடைத்தது. ஒரு பத்திரிகை செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

முகாம் தளபதி ஹென்றி வெர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான வழக்கில் 'டெட் லைன்' திரும்பத் திரும்ப அடிபட்டது. பிற்பாடு அச்சுக்கூடத்தாரும் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள்: எந்திரத்தில் எந்தக் கோட்டைத் தாண்டி எழுத்துக் கோத்தால் தாளில் பதியாதோ, அந்தக் கோடு. 1920 வாக்கில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் அது நேரக் கெடுவாகிவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு எதையும் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால்தான் திருப்தி. 'கடைசி நாள்' என்றால் யார் அசைகிறார்கள்!

அன்புடன்,
ஆசிரியர்