எலும்பு வளர்க்கும் உயிரணுக்கள்: ஆராய்ச்சியும் சிகிச்சையும்

முறிந்த எலும்பு தானே கூடும் என்பதை யாவரும் அறிவர். ஆயின் பெரும் பகுதி சிதைந்துபோன எலும்பு அவ்வாறு கூடுவதில்லை. அக்குறையைப் போக்க, ‘ஸ்டெம் செல்’ எனப்படும் மூல உயிரணுக்களை ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர்.

எலும்பு மஜ்ஜையை உடலின் வேறிடத்தில் பதித்தால் அங்கும் எலும்பு விளைகிறது என்பதை, 1960-களில் சோவியத் விஞ்ஞானி பிரீடென்ஷ்டைன் விலங்குகளிடம் கண்டறிந்தார். மனித மஜ்ஜை அணுக்கள் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்லவை என்பது 1999-இல் தெளிவாக நிறுவப்பட்டது. அவ்வணுக்களைப் பெருக்கி, கால்சியம் பாஸ்பேட்டாலான நுண்துளைத் தாங்கியில் ஏற்றிப் பொருத்துவது ஒரு முறை.

இது போற்றத்தக்க முன்னேற்றமே. எனினும் சோதனைச் சாலையில் விளைந்தவை யாவும் சிகிச்சையாகிவிடா. அரசு ஒப்புதல் பெறாத மூல உயிரணுச் சிகிச்சையை முறையான சோதனைக்குப் புறம்பாக அளித்தல் தகாது என 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிமுறைகள் கூறுகின்றன. ஆராய்ச்சிச் செலவை நோயாளியின் தலையில் சுமத்தலாகாது என்பதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறநெறியாகும்.

பாடநூல் இவ்விந்தையைக் கூறும். விளம்பரமும் அதையே கூறும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஊரார்க்கு எடுத்துரைப்பவர் யார்? களப்பணியாளரும் ஆசிரியருமே. நிலத்தை விற்றுச் சிகிச்சைக்குப் புறப்படும் குடும்பம், “இதற்கு அரசு ஒப்புதல் உண்டா? இது சோதனையாயின் எம்மிடம் பணம் பெறுவதேன்?” என்று முதலில் வினவுமாறு செய்தல் நம் கடமை. விஞ்ஞானத்தின் பெருமையைப் போதிப்போர் அதன் இன்றைய எல்லையையும் போதித்தல் வேண்டும்.