பட்டை தாங்கும், பிரேக் தாங்குமா?

கோடைக்காலத்தில் பூந்தமல்லி–ஆவடி சாலையில் தண்ணீர் கேன் வண்டிகளைக் கவனியுங்கள். 60 கேன், சில நாள் 70. வண்டியோ குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ். இவ்வளவு ஏற்றியும் பின்பக்கம் தாழவில்லையே என்று கேட்டால் பெருமையோடு பதில் வரும்: "ரெண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போட்டிருக்கோம் சார். ஒன்றரை டன் அசையாம தாங்கும்."

லோடு வண்டித் தொழிலில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

2005-இல் டாடா ஏஸ் சாலைக்கு வந்தபோது அதைச் சுமக்கச் சொன்ன பாரம் 750 கிலோ. சிமெண்ட் என்றால் 15 மூட்டை. 60 கேனில் தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ. கூடுதல் பட்டை வண்டியைத் தாழாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் மாறவில்லை; டயர் அதே சின்ன டயர். அதே வேகத்தில் வண்டியின் மொத்த எடை இரட்டிப்பானால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிப்பாகிறது. பின்பக்கம் தாழ்வது, 'போதும்' என்று வண்டி நம்மிடம் சொல்வது. பட்டை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு, நசரத்பேட்டையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அதை ஓட்டச் சொல்கிறோம்.

ஒரே நடையில் முடித்தால் டீசல் மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்தை கிளட்சும் பேரிங்கும் டயரும் தின்றுவிடும். பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் பொறுப்பு. ஆனால் சாலையில் உயிரைப் பணயம் வைப்பவர் நடைக்கூலிக்கு வந்த டிரைவர். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரிய வண்டி எடுக்கலாமே என்றால், ஹெவி லைசென்ஸ் வேண்டுமே என்பதும் சாக்குதான். தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கப் பிறந்தவை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு வெகு கீழே. அந்த எடைக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

எல்லோரும் பெரிய வண்டி எடுக்க வேண்டுமா? வேண்டாம். மெத்தை, பூக்கூடை ஏற்றுபவருக்குக் குட்டி யானையே தங்கம். சந்துக்குள் அதுதான் நுழையும். கௌரவத்துக்காகப் பெரிய வண்டி எடுத்து டியூ கட்டித் திணறுவதும் தப்புதான்.

இன்றிரவு ஆர்.சி. புக்கை எடுங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். வருவதில் டிரைவரின் எடையும் அடக்கம். நாளைக் காலை வழக்கமான லோடோடு வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். கணக்கு மீறினால் பட்டைக் கடைக்குப் போகாதீர்கள். வண்டியை மாற்றுங்கள், அல்லது இரண்டு நடை அடியுங்கள்.