ஏரோப்ளேனுக்கு எதுக்குய்யா ஸ்கிரீன் துணி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னும் புடுங்கி முடிக்கலை, ஆனா போன வாரம் நான் போட்ட ஒரு சண்டையை எழுதலைன்னா தலை வெடிச்சிடும் போல இருக்கு.

மேட்டர் இதான். திருத்தணியில என்கூட ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிச்ச பய ஒருத்தன் இப்ப டெக்சாஸ்ல பொட்டி தட்டறான். அங்க அவன் கம்பெனியில ரிட்டயர் ஆன ஒரு அமெரிக்கப் பெரியவர், 1946 மாடல் செஸ்னா 140 ஒண்ணு வச்சிருக்கார். ரெண்டே சீட்டு, பக்கத்துல பக்கத்துல. மூக்குல ஒரே ஒரு காத்தாடி. நம்ம ஊர்ல ஹெச்.ஏ.எல். கம்பெனி 1958-ல பறக்கவிட்ட புஷ்பக் விமானம் பார்த்திருக்கீங்களா? கிட்டத்தட்ட அந்த சைஸ்தான். அவர் இவனை சனி ஞாயிறு கூட்டிட்டுப் போய், ஆசை காட்டி, லைசென்ஸ் வாங்கற வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டார். இப்ப சீட்டு, உள்பக்கத் தகடு எல்லாம் புதுசா மாத்தறாராம். "வெயில் தாங்கலை, ஜன்னலுக்கு என்ன போடலாம்னு நீயே பார்த்துச் சொல்லு"ன்னு இவன்கிட்ட விட்டுட்டார்.

இவன் ராத்திரியே எனக்கு போன். "மாப்ள, பஸ் ஸ்டாண்டு பக்கம் டூரிஸ்ட் வேனுக்கு ஸ்கிரீன் தைப்பாங்களே, அங்க மெரூன் வெல்வெட்ல, கீழ தங்கக் கலர் குஞ்சம் வச்சு நாலு ஜன்னலுக்கு தைச்சு அனுப்புடா. அளவு வாட்ஸப்ல போடறேன். செம வின்டேஜா இருக்கும்."

முடியாதுன்னுட்டேன். அதுலேர்ந்து ஆரம்பிச்சது.

நான் விமானம் ஓட்டறவன் இல்லை. ஆனா அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். ராஜாளி கடற்படைத் தளத்துலேர்ந்து கிளம்பற விமானத்தைப் பார்த்தே வளர்ந்தவன். ரஷ்யாக்காரனோட டியு-142 எட்டு காத்தாடியும் சுத்த நாலு எஞ்சின்ல அலறிக்கிட்டுப் போறதை, மலைக்கோயில் படியில உட்கார்ந்து இவனும் நானும் பார்த்த நாள் கணக்கில்லை. 2017-ல அதுக்கு ஓய்வு கொடுத்தப்போ எங்களுக்கு சொந்தக்காரங்க செத்த மாதிரி இருந்தது. அதனால இந்த விஷயத்துல வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு :-)

முதல் விஷயம், வெயில். ஸ்கிரீன் போட்டா குளுகுளுன்னு ஆயிடும்னு நினைக்கறவங்க சித்திரை வெயில்ல திருத்தணி வந்து ஒரு நாள் இருந்து பாருங்க. எங்க பாட்டி வீட்டு ஜன்னல்ல உள்பக்கம் துணி தொங்கினது கிடையாது. வெளிய தென்னங்கீத்துத் தட்டி, காசு இருக்கிறவங்க வீட்ல வெட்டிவேர்த் தட்டி. ஏன்? வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துட்டா வந்ததுதான். உள்ள தொங்கற துணி அதை வாங்கிக்கிட்டு தானும் சூடாகி, அந்தச் சூட்டை உள்ளயே விடும். அந்தச் சூடு கண்ணாடி வழியா லேசுல வெளிய போகாது. அதுவும் மெரூன் வெல்வெட்! வெயிலை உறிஞ்சறதுக்குன்னே செஞ்ச துணி அது. ஸ்கிரீன் இல்ல, அடுப்பு.

சரி, பறக்கும்போது நிழலாவது கிடைக்குமேன்னு கேட்டான். செஸ்னா 140-க்கு இறக்கை தலைக்கு மேல இருக்கு. உச்சி வெயில்ல அந்த இறக்கைதான் குடை. வெயில் சாய்ஞ்சு வர்ற காலையிலயும் சாயங்காலத்துலயும் பெரிய தொந்தரவு முன் கண்ணாடி வழியா வர்றது. அங்க எந்த மடையனும் ஸ்கிரீன் போட முடியாது. மிச்சம் இருக்கிறது பக்கவாட்டுல கொஞ்ச நேரம் அடிக்கிற வெயில். அதுக்காக நாலு மீட்டர் வெல்வெட்டா? மேல போகப் போக ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி கணக்குல குளிர்ந்துகிட்டே வேற போகும். புழுக்கமெல்லாம் தரையில நிக்கும்போதுதான்.

இப்ப என் முக்கியமான சண்டைக்கு வர்றேன். இந்த மாதிரி சின்ன விமானத்துல பயணின்னு ஒருத்தன் கிடையாது. ரெண்டு சீட்டுக்கும் முன்னால கன்ட்ரோல் இருக்கு. ரெண்டு பேரும் பார்க்கணும். இந்த மாதிரி பழைய சின்ன விமானத்துல ரேடார் எல்லாம் கிடையாது. வெளிச்சத்துல, கண்ணால பார்த்துத்தான் ஓட்டறாங்க. எதிர்ல வர்றவனை நீ பார்க்கணும், பார்த்து ஒதுங்கணும். உலகம் பூரா சட்டமே அதான். இதுல தலைக்கு மேல இறக்கை இருக்கிற விமானத்துக்கு ஒரு சாபக்கேடு உண்டு. இடது பக்கம் திரும்ப இடது இறக்கையைச் சாய்ச்சா, எந்தப் பக்கம் போகப் போறோமோ அந்தப் பக்கத்தையே அந்த இறக்கை மறைச்சிடும். அதனால திரும்பறதுக்கு முன்னாடி அந்த இறக்கையை லேசாத் தூக்கி எட்டிப் பார்த்துட்டுத்தான் திரும்பணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. ஏற்கெனவே பாதி மறைஞ்ச ஜன்னல். அதுல ஒதுக்கி வச்ச ஸ்கிரீன் நாலு விரல் அகலம் மறைச்சாலும், அந்த நாலு விரலுக்குப் பின்னால ஒரு முழு விமானம் ஒளிஞ்சுக்கும். தூரத்துல வர்ற விமானம் கொசு சைஸ்தானே?

"இண்டிகோவுல ஜன்னல் மூடியை இறக்கி விட்டுட்டு நாம தூங்கலையா?"ன்னான். டேய், அதை ஓட்டறது நீ இல்லடா. அங்கயே மேல ஏறும்போதும் இறங்கும்போதும் மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுவாங்க. இறக்கையில தீ, புகைன்னா உள்ள இருக்கிறவங்க கண்ணுலதான் முதல்ல படும்னு. 2025 மே மாசம் டி.ஜி.சி.ஏ. இதுக்கு நேர் மாறா ஒரு உத்தரவு போட்டாங்க, ஞாபகம் இருக்கா? மேற்கு எல்லைப் பக்கம் ராணுவத் தளங்கள்ல ஏறி இறங்கும்போது 10,000 அடி வரைக்கும் மூடியை இறக்கி வைன்னு. அதுலயும் அவசர வழி இருக்கிற வரிசைக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. பாதுகாப்புக்குன்னு மூடச் சொன்னவங்களே அந்த ஜன்னலை மூட ஒத்துக்கலை.

"அந்தக் காலத்து விமானத்துல ஸ்கிரீன் இருந்துச்சுடா, போட்டோ பாரு"ன்னு அடுத்த அஸ்திரம். இருந்துச்சு. 1930-கள்ல இம்பீரியல் ஏர்வேஸ் ஓட்டின ஹெச்.பி.42 உள்ள பார்த்தா ஃபர்ஸ்ட் கிளாஸ் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். ஆனா அது காசு கொடுத்து ஏறின துரைமார் உட்கார்ந்த இடம். பைலட்டு தனியா மூக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தான். 1932-ல ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலேர்ந்து பம்பாய்க்கு தபால் ஏத்திட்டு வந்தாரே, அந்த புஸ் மாத், அதுதான் நம்மாளோட செஸ்னாவுக்குப் பங்காளி. அது தபால் வண்டி. அதுல குஞ்சம் தேடினா எப்படி? வின்டேஜ்னு சொல்லிக்கிட்டு எவனோட வின்டேஜை எவன் தலையில கட்டறது?

இன்னும் இருக்கு. வேன்ல ஸ்கிரீனை மாட்டறது எதுல? ஸ்பிரிங் கம்பியில. எஃகு. முன் கண்ணாடிக்குப் பக்கத்துல பாவம் ஒரு காந்தத் திசைகாட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்துல எஃகு சுருளைக் கொண்டுபோய் மாட்டினா அது எந்தப் பக்கம் காட்டும்னு முருகனுக்குத்தான் வெளிச்சம். ஓரத்துல காந்தம் வச்சு ஒட்டற மாடல் விக்கறான், அது இதைவிட மோசம். ஜன்னலைத் திறந்துகிட்டு 160 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது துணி வெளிய இழுத்துக்கும், இல்லைன்னா மூஞ்சியில அறையும். தீ விஷயம் தனி. பெரிய பயணிகள் விமானத்துல ஸ்கிரீன் துணியைத் தொங்கவிட்டு 12 செகண்ட் நெருப்பு காட்டுவாங்க. நெருப்பை எடுத்ததும் 15 செகண்டுக்குள்ள தானா அணையணும், எரிஞ்ச நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சின்னப் பழைய விமானத்துக்கு விதி இவ்வளவு கறார் இல்லைன்னாலும், சட்டுனு தீப்பிடிக்கிற துணி கூடாதுங்கறது அங்கயும் உண்டு. நம்ம கடை வெல்வெட்டை அடுப்பு பக்கம் காட்டிப் பாருங்க. உருகிச் சொட்டும்.

கருப்பு ஃபிலிம் ஒட்டிடலாமேன்னு கடைசியா வந்தான். 2012-ல சுப்ரீம் கோர்ட்டு கார் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொன்னப்போ ஊர் பூரா பிளேடு வச்சு சுரண்டினது இவனுக்கு மறந்து போச்சு. அப்புறம் விதி மாறி, முன்னும் பின்னும் 70, பக்கத்துல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வந்தா ஃபிலிம் போடலாம்னு 2024-ல கேரளா ஹைகோர்ட்டு சொன்னது வேற கதை. அதெல்லாம் கண்ணாடி. இந்த விமானத்துல இருக்கிறது அக்ரிலிக் பிளாஸ்டிக். பசை ஒட்டினாலும் சரி, அமோனியா கலந்த கிளீனர் போட்டுத் துடைச்சாலும் சரி, உறிஞ்சு ரப்பர் வச்சு வெயில்ல விட்டாலும் சரி, மயிரிழை மயிரிழையா வெடிப்பு விட்டுக் கெட்டுப் போகும். அப்புறம் வெயிலுக்கு எதிர்ல ஓட்டினா சிலந்திக் கூட்டுக்குள்ள உட்கார்ந்த மாதிரிதான்.

அப்ப என்னதான் போடறதுன்னு கேப்பீங்க. தரையில நிக்கும்போது வெளிப்பக்கம் போர்த்தற வெள்ளை உறை. எங்க பாட்டியோட தட்டி மாதிரி, கண்ணாடிக்கு வெளியவே வெயிலை நிறுத்தணும். ஆனா உள்பக்கம் மிருதுவா, மண்ணு இல்லாம இருக்கணும், இழுத்துக் கட்டணும். இல்லைன்னா காத்துல ஆடி ஜன்னலை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்ச்சிடும். பறக்கும்போது, பசையில்லாம தானா ஒட்டிக்கிற கருப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு, கையகலம். வெயில் படற இடத்துல ஒட்டு, திரும்பறதுக்கு முன்னாடி பிய்ச்சு மடியில போடு. நல்ல கூலிங் கிளாஸ், ஆனா போலரைஸ்டு வேண்டாம், ஸ்கிரீன் வச்ச கருவியெல்லாம் இருட்டாத் தெரியும். தலைக்குத் தொப்பி, உச்சியில பட்டன் இல்லாததா. ஹெட்செட் பட்டை அந்த பட்டனை அமுக்கினா ஒரு மணி நேரத்துல மண்டையில ஓட்டை விழுந்த மாதிரி வலிக்கும்னு அவனே சொல்லியிருக்கான்! செலவு வெல்வெட்டை விடக் கூடத்தான்.

இதையெல்லாம் சொன்னப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எங்கப்பா வண்டி மாதிரி இருக்கணும்னு நினைச்சேன்டா"ன்னான்.

அவங்க அப்பா வேன் வச்சிருந்தார். திருப்பதி ட்ரிப் அடிப்பார். மெரூன் வெல்வெட், தங்கக் குஞ்சம். ஆடிக் கிருத்திகைக்கு பூக்காவடிக்காரங்களை ஏத்திக்கிட்டு வர்றப்போ எங்களையும் பின் சீட்ல திணிச்சுக்குவார். ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டார். இவனால வர முடியலை. நான்தான் போனேன்.

அதுக்கு மேல போன்ல சண்டை போட எனக்கு வாய் வரலை. மறுநாள் சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். தையல்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்ன வண்டி சார், டிராவலரா?"ன்னார். "ஏரோப்ளேன்"னேன். மனுஷன் அசரவே இல்லை. "எத்தனை ஜன்னல்?" நாலுன்னு சொல்லி, அளவைக் காட்டினேன். பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "இதுல டிரைவர் பக்கம் எது?"ன்னு கேட்டார். முன்னாடி ரெண்டு பக்கமும் டிரைவர்தான்னு சொன்னதும் பேப்பரை என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டார்.

"டிரைவர் ஜன்னலுக்கு நாங்க தைக்கறதில்ல சார். எந்த வண்டிக்கும்."

இதை நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். அவர் முப்பது வருஷமா தையல் மெஷின்ல உட்கார்ந்துகிட்டு கடைப்பிடிச்சிருக்கார். நம்மாளோட அப்பா வண்டியிலயும் டிரைவர் பக்கம் ஸ்கிரீன் இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

அரை மீட்டர் மெரூன் வெல்வெட்டு மட்டும் வாங்கி, வெளி உறையைச் சுருட்டி வைக்க ஒரு பை தைக்கக் கொடுத்திருக்கேன், குஞ்சத்தோட. விமானம் கிளம்பறப்போ அந்தப் பை ஹேங்கர்லயே இருக்கணும்னு மெசேஜ் அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு வந்துடுச்சு, பதில் வரலை. வியாழக்கிழமை பை ரெடியாகும்.

டிஸ்கி: நிஜமாவே விமானம் ஓட்டற பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. அனானியா வந்து "உனக்கு என்ன தெரியும்"னு கேக்கறவங்க, முதல்ல இறக்கையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துட்டு வாங்க.