சுமங்கலி என்னும் சூழ்ச்சிச் சொல்



உடல் விற்பனையும் இறைவழிபாடும் மந்திரமும் ஒரே வேரில் கிளைத்தவை என்றும், அவ்வேரைத் தோண்டிக் காட்டுவதே உயர்கலை என்றும் ஓவியக் கூடங்களிலும் ஆடலரங்குகளிலும் இன்று பேசுகின்றனர். அதற்குச் சான்றாக அவர்கள் இழுத்து நிறுத்துவது நம் தேவரடியாரை. தெய்வத் தன்மையர் என்று அப்பெண்டிரைப் போற்றுவோர், அவர்களை எக்கயிறு கட்டிற்று என்று கேட்பதில்லை. நாம் கேட்போம்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டைப் பாருங்கள். 1014-ஆம் ஆண்டளவில் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்று கொணரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டிர் ஏறத்தாழ 400 பேர். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். மன்னன் ஆணைக்கு ஊர் பெயர்ந்தவரே எனினும் அவர்க்குப் பெயர் இருந்தது, ஊதியம் இருந்தது. நம் அவிநாசியிலும் திருமுருகன்பூண்டியிலும் பாடிய சுந்தரர் திருவாரூரில் மணந்த பரவையார் கணிகையர் குலத்தவர் என்று பெரியபுராணமே கூறும். பின்னரோ, அறுபத்து மூவரை அடியார் என்று கும்பிட்ட அதே வாய், பெண்ணைக் குறித்த அதே சொல்லை வசையாக்கிற்று!

அவ்விழிவை மறைக்க வந்த வடமொழிப் போர்வையே 'நித்திய சுமங்கலி'. கணவன் கடவுளாம், கடவுளுக்குச் சாவில்லையாம், ஆகவே அவளுக்குக் கைம்மை இல்லையாம். அதனால் அவள் சுற்றும் ஆலத்தி கண்ணேறு கழிக்குமாம்! கைம்பெண் எதிர்ப்பட்டால் முகஞ்சுளித்த குமுகாயமே இம் மங்கலத்தைப் படைத்தது. பொட்டுக் கட்டப்பெற்ற சிறுமியின் ஒப்புதலை எவர் கேட்டார்?

'கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது' போன்ற நூல்களோ அக்குடிப் பெண்டிரை இடுமருந்தால் ஆடவரை மயக்கிப் பொருள் பறிப்பவராகக் காட்டின. கோயிலில் அவள் கை மங்கலம்; வீட்டில் அவள் கை மருந்து! தேடிச் சென்றவன் மட்டும் ஏமாந்த நல்லவன்! 1930-களில் சென்னையில் அவர்தம் சதிர் 'பரத நாட்டியம்' எனப் பெயர் மாறி உயர்குடி மேடை ஏறிற்று. ஆடிய குடியினர் பெரும்பாலோர் மேடைக்கு வெளியே நின்றனர்.

இம்மூன்றையும் இணைத்த கலை தமிழில் இல்லையா? உண்டு, அது மணிமேகலை. கணிகையாகிய மாதவியின் மகளுக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களை அருளிற்று: வேற்றுரு எடுக்க ஒன்று, வான்வழிச் செல்ல ஒன்று, பசி தீர்க்க ஒன்று. ஆடவனை மயக்க ஒன்றுகூட இல்லை! குலத்தொழிலை மறுத்த அவள், அமுதசுரபியேந்திப் பசித்தவர்க்குச் சோறிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்தாள். தமிழன் கண்ட மந்திரம், கட்டுவதன்று, கட்டவிழ்ப்பது.

இது பழங்கதையென எண்ணற்க. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய ஏற்பாட்டின் பெயர் என்ன தெரியுமா? 'சுமங்கலித் திட்டம்'! ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கவைத்து, குறைகூலி கொடுத்து, வெளியே செல்வதைத் தடுத்து, முடிவில் திருமணத்திற்கென ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் நோயுற்று வெளியேறியவர் அத்தொகையையே இழந்ததும் உண்டு. அத்தொகை வேறெதுவும் அன்று. பிடித்து வைத்த கூலியே! அத்தொழில் வேறு, இத்தொழில் வேறு, பூட்டு ஒன்றே. அங்குக் கடவுள் பெயரால் பொட்டு. இங்குக் கணவன் பெயரால் ஒப்பந்தம்.

இப் பூட்டை உடைத்தவர் யார்? அக்குடியிலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936-இல் அவர் புதினமெழுதிச் சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1947-இல் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இல், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா தரும் உயர்கல்வித் திட்டமாயிற்று. மாற வேண்டிய திசை அதுவே.

கலைஞர்களே! அப்பெண்டிரை வரையுங்கள், பாடுங்கள், வேண்டாமென்னவில்லை. ஆனால் ஒளிவட்டம் வரையுமுன் அவர்தம் கூலியை எழுதுங்கள், பறிபோன நிலத்தை எழுதுங்கள், பெயரை எழுதுங்கள்.

தோழர்களே! 'சுமங்கலி' என்று எவரேனும் இனிக்கப் பேசிவரின், கையில் கயிறுண்டா என்று முதலில் பாருங்கள்!